கொழும்பு என்றோர் ஆகுபெயர்

எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்லக்கூடிய வாய் ஒன்றுகூட இல்லை.

நான் அவருக்கு மனைவி. கட்டியவள் வாயில் கட்டினவன் பெயர் வந்தால் அவன் ஆயுசில் ஒரு துண்டு குறைந்துபோகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அத்தை அவரைப் பெற்றவள். அவளும் சொல்லக்கூடாது. மூத்த பிள்ளைக்குத் தகப்பனின் தகப்பன் பெயரை வைப்பது வழக்கம். ஆகவே அவர் பெயர்தான் அத்தையின் மாமனார் பெயரும். மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கலாமா? உச்சரித்தால் நாக்கு என்ன ஆகும்? ஆக, பெற்ற பிள்ளையை அத்தை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொட்டிலில் கிடந்தபோது ‘கொச்சு’. ஓடித் திரிந்தபோது ‘மக்கா’. மீசை வந்த பிறகு ‘ஏ, இங்க பாரு.’

அந்தப் பெயரை வீட்டுக்குள் உரக்கச் சொல்ல உரிமை இருந்த ஒரே ஆள் என் மாமனார். நான் வாழ வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். பிறகு என் கணவரும் கொழும்புக்குக் கப்பல் ஏறினார், ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு. வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பெண்கள். நடுவில் ஒரு பெயர். பூட்டிய அறை போல அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. நாங்கள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் தடை இல்லை. அவர் ஊரில் இருந்த நாட்களில் அவள் வேலிக்கு அந்தப்புறம் நின்று, “ஏலே…” என்று நீட்டிப் பெயர் சொல்லி அழைப்பாள், ஏணி எடுத்துத் தர, தேங்காய் பறிக்க ஆள் பிடித்துத் தர. அப்போது அத்தை நெல் குத்திக்கொண்டிருந்தால் உலக்கை ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும். பெயர் காற்றில் கரைந்த பிறகுதான் கீழே இறங்கும். புதுப் பெண்ணாக இருந்த எனக்கு அது அப்போது புரியவில்லை. கை ஓய்ந்துபோய் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

இதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டின் பின்கதவைத் திறந்தால் வயல், வயலுக்கு அப்பால் மல்லாந்து படுத்திருக்கும் பெண்ணைப் போல ஒரு மலை. நான் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். மேல்வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் ஒரு பரீட்சை எழுத வேண்டும். அதற்குச் சொல்லிலக்கணமும் அணியிலக்கணமும் பாடம். ஆகுபெயர், மங்கலம், உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், உயர்வு நவிற்சி, தன்மை நவிற்சி. இலக்கணங்களை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் அவை கொடியில் காயும் சட்டைகளைப் போலக் கிடந்தன. உள்ளே ஆள் இல்லை.

வகுப்பில் அவற்றைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்ப்பேன். உவமைக்கு இரண்டு பொருள் வேண்டும், நடுவில் ‘போல’ வேண்டும். ஒரு வாய்க்காலின் இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று. ‘போல’ என்பது குறுக்கே போட்ட தென்னந்தடி. உருவகத்தில் தடியும் இல்லை, வாய்க்காலும் இல்லை, இரண்டும் ஒன்றாகிவிடும். விளங்கிச்சா? விளங்கியது என்று தலையாட்டினார்கள். சரி, உவமைக்கு யாராவது ஒன்று சொல்லுங்கள் என்றேன்.

முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். “எங்க அம்மை சத்தம் போட்டா காளமாடு மாதிரி இருக்கும் டீச்சர்.”

“கள்ளம் சொல்லாத ஏட்டி,” என்றாள் அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண், எழுந்துகூட நிற்காமல். “ஒரு காளையா? சந்தைக்குப் போற காளை பூராவும் சேந்து கத்தினாலும் ஒங்க அம்மைக்கு ஒறை போடக் காணாது.”

முதலில் சொன்னது உவமை, இரண்டாவதாகச் சொன்னது உயர்வு நவிற்சி என்றேன். வகுப்பே சிரித்தது. உயர்வு நவிற்சியை அந்தப் பிள்ளைகள் சாகும்வரை மறந்திருக்க மாட்டார்கள்.

எனக்கு விளங்க வேண்டியது வேறொரு இடத்தில் காத்துக்கொண்டிருந்தது. ஒரு மழைக்கால அந்தி. நான் விளக்கேற்றி வைத்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புள்ள வேறொன்றுக்கு ஆகி வருவது ஆகுபெயர். அதே வரியை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தபோது, கஞ்சிக் கலயத்தை இறக்கிவைத்துவிட்டு அத்தை கேட்டாள்:

“கொழும்பு இந்நேரம் சாப்பிட்டிருக்குமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னத்துக்கு இளிக்க?”

“நீங்க இப்பம் சொன்னதுக்கு ஒரு பேரு இருக்கு அத்தே.”

“நான் என்னத்தச் சொன்னேன்?”

“ஊரச் சொல்லி ஆளக் காட்டுதியல்லா. அதுக்கு ஆகுபெயர்னு பேரு.”

அத்தை விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். “கொள்ளாம், நல்ல கூத்து. நான் பெத்ததுக்கு வச்ச பேரச் சொல்ல வழியில்ல. சொல்லாம விட்டதுக்கு ஒரு பேரு வச்சிருக்கானுவ.”

புத்தகத்தை மூடிவிட்டேன். அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது? நாங்கள் பல வருஷமாக ஆகுபெயருக்குள்ளேயே குடியிருந்தோம். அவர் விட்டுப்போன குடை சுவரில் தொங்கியது. வயலில் தண்ணீர் கட்ட ஆள் இல்லாத நாளில் அத்தை, “குடை இருந்தா இந்நேரம் மடையத் தெறந்துருக்கும்,” என்பாள். மாம்பழம் நறுக்கும்போது, “கொழும்புக்குக் கொட்டையப் பிடிக்கும்,” என்பேன் நான். ஆளின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஆளைத் தொட்ட பொருள்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. தொடர்பு போதும் என்கிறது இலக்கணம். போதுமா? குடையைத் தொட்டால் குடைதான் இருக்கிறது. பிடி வழுவழுப்பாக இருந்தது. அவர் உள்ளங்கை செய்த வழுவழுப்பு.

பிறகு தற்குறிப்பேற்றம். இயல்பாக நடப்பதன்மேல் கவிஞன் தன் மனக்குறிப்பை ஏற்றிச் சொல்வது. எனக்கு அதில் பயிற்சியே தேவைப்படவில்லை. கதிர் முற்றிய வயல் தலையாட்டினால் ‘வருவார்’ என்று ஆட்டியது. காற்று திசை மாறினால் ‘மாட்டார்’ என்றது. மலைமேல் மேகம் குவிந்தால் படுத்திருந்த பெண் முக்காடு போட்டுக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“வாத்திச்சிக்குக் காக்கா கத்தினாலும் கடுதாசி, பல்லி சொன்னாலும் கடுதாசி. ஏட்டி, காக்காய்க்குப் பசிச்சா அது கத்தாண்டாமா?”

தன்மை நவிற்சி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வதும் ஓர் அணியாம். நகை போடாத கழுத்தைக் காட்டி இதுவும் நகை என்றால் எப்படி? பரீட்சைக்கு வந்தால் இரண்டு வரி எழுதினால் போதும் என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.

அந்த வருஷம் இலங்கையில் மலேரியாக் காய்ச்சல் பரவியது. முதலில் செய்தியாக வந்தது. பிறகு ஆட்களாக வந்தது. கண் மஞ்சளாகி, கன்னம் ஒட்டி, கம்பளி போர்த்தியபடி தூத்துக்குடியில் இறங்கி ஊர் ஊராக வந்து சேர்ந்தார்கள். அவரிடமிருந்து மாதந்தோறும் வந்துகொண்டிருந்த கடிதம் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி எங்களுக்காகத் தபால்காரரிடம் போய்ப் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வருவாள். ஒரு நாள் முடிந்த இடத்தில் அடுத்த நாள் தொடங்கியது, ‘இல்லை’ என்ற அதே சொல்லோடு. அந்தாதி இப்படித்தான் போலும், சுற்றிக்கொண்டேயிருக்கும், வெளியேற வாசல் இருக்காது.

ஒருநாள் காலையில் வண்டிக்காரர் ஒருவர் சொன்னார்: கோட்டாற்றுச் சந்தையில், கருவாட்டுக் கடை போட்டிருக்கும் ஒருத்தியின் தம்பி கொழும்பிலிருந்து வந்திருக்கிறான், ஜவுளிக்கடைத் தெருவில்தான் மூட்டை தூக்கினானாம், அந்தத் தெருவில் எல்லாரையும் தெரியுமாம். மத்தியானம் கடற்கரையில் உள்ள தன் ஊருக்குப் போய்விடுவான்.

பக்கத்து வீட்டுக்காரியைத் தேடினோம். மகள் பிரசவத்துக்கு மயிலாடி போயிருந்தாள். அவள் திரும்பும்வரை காத்திருக்க முடியாது. அத்தை மேல்முண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு அந்த வண்டியிலேயே ஏறினாள். நானும் ஏறினேன். பெயரைச் சொல்ல எங்களோடு யாரும் இல்லை என்பது புத்தேரி தாண்டிய பிறகுதான் இருவருக்குமே உறைத்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இறங்கவில்லை.

கருவாட்டுக் கடை சந்தையின் கோடியில் இருந்தது. அகலமான பலகை, அதன்மேல் உப்பு, உப்பின்மேல் நெத்திலி, வாளை. பின்னால் ஒரு சாக்கின்மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

“கொழும்புல எம் பிள்ள இருக்கான்,” என்றாள் அத்தை. “நீ கண்டியா மக்கா?”

“பேரு என்னம்மா?”

அத்தை என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். எடை போட்டுக்கொண்டிருந்த அவன் அக்காள் சிரித்துவிட்டாள்.

“பொண்டாட்டி சொல்லாண்டாம், சரி. பெத்தவியளுக்கு என்ன கொள்ளை?”

“எங்க மாமனாரு பேருல்லா,” என்றாள் அத்தை மெல்ல.

“அப்பம் ரெண்டாளும் வாய வீட்டுல வச்சிட்டா வந்திய?”

எனக்கு ஒரு யோசனை வந்தது. வாயில்தான் வரக்கூடாது, கடித உறைகளில் எழுதியிருக்கிறேனே. பலகையில் நெத்திலியை ஒதுக்கிவிட்டு உப்பின்மேல் விரலால் எழுதினேன், ஒவ்வோர் எழுத்தாக, சுழி கெடாமல். அவன் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

“நண்டு ஓடின தடம் மாதிரி இருக்கு. எனக்கு எழுத்து தெரியாதும்மா.”

அக்காளுக்கும் தெரியாது. அவள் ஒரு கூடை வாளையை அதன்மேலேயே இறக்கிவைத்தாள். பெயர் அடியில் போயிற்று.

“ஆளு எப்பிடி இருப்பாரு? அதச் சொல்லுங்க,” என்றான் அவன்.

அத்தை தொடங்கினாள். நெட்டை, பனை கணக்கா. நிறம், பொன்னு கணக்கா. பல்லு, முத்து. பேச்சு, தேனு. எனக்குத் தெரியும், அவர் கறுப்பு. ஒரு பல் கோணல். ஆனால் தாய் வாயில் வரும் உயர்வு நவிற்சியைச் சந்தை நடுவில் திருத்த முடியுமா? என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன். “எல்லாருட்டயும் பாசமாட்டுப் பேசுவாவ.” அதைவிட அந்தரங்கமாக ஒன்றும் அந்நியனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அவன் யோசித்தான். “நாஞ்சில் நாட்டுக்காரரு. நெட்டை. ஜவுளிக்கடையில நிக்கவரு. சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாரு. அவருதானே?”

“அவன்தான்,” என்றாள் அத்தை. “அவனேதான் மக்கா. நல்லா இருக்கானா?”

அவன் கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

“அவர ஆண்டவரு கூப்பிட்டுக்கிட்டாரும்மா.”

“எங்க மக்கா கூப்பிட்டாரு?” என்றாள் அத்தை.

அந்த நேரத்திலும் என் மனம், அந்தப் பாழாய்ப்போன மனம், ‘மங்கலம்’ என்று எழுதியது. மங்கலமில்லாததை மங்கலமான சொல்லால் சொல்வது. எழுதிய கையோடு அந்தச் சொல்லை நான் வெறுத்தேன். அத்தைக்கு மெல்ல விளங்கியது. கருவாட்டுத் தண்ணீர் ஓடிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். நெட்டை, சிரித்துப் பேசுகிறவர். யாரைத்தான் இப்படிச் சொல்ல முடியாது? பனையும் பொன்னும் முத்தும் தேனும் எந்தத் தாயின் மடியிலும் கிடக்கும். உவமையின் அழகும் அதுதான், கொடுமையும் அதுதான்: எவருக்கும் பொருந்தும். அவருக்கு மட்டும் பொருந்துவது ஒன்றே ஒன்றுதான். அது கூடைக்கு அடியில் உப்பில் கிடந்தது.

உயிரோடு இருப்பவர் என்றால், நான் அதைச் சொன்னால் ஆயுசு குறையும். இறந்துபோனவர் என்றால் குறைய ஒன்றும் இல்லை; தாலி அறுத்தவள் பெயர் சொல்லலாம். அப்படியானால், இப்போது நான் வாய் திறப்பது அவர் இறந்துவிட்டதை ஒத்துக்கொள்வதாகும். திறக்காமல் போனால் அத்தை இன்றே வீட்டுக்குப் போய்க் குடம் உடைக்க வேண்டும், என் வளையல்களை உடைக்க வேண்டும். நடுவில் ஒரு மயிரிழை. இத்தனை வருஷம் நான் படித்த எந்த அணியும் அந்த இடத்தில் எனக்குக் கை கொடுக்கவில்லை.

சொன்னேன்.

அது எப்படி இருந்தது என்பதற்கு உவமை இல்லை. பெயரைச் சொன்னேன், தகப்பனார் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. கூட்டத்தில் ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார்.

அவன் கம்பளியை உதறிவிட்டு எழுந்தான். “யாரு? ஐயோ அம்மா, அவரா! அவரு இருக்காரும்மா. போனது எதுத்த கடைக்காரரு, தோவாளைப் பக்கம். உங்க ஆளுக்கும் காய்ச்சல்தான், கெடந்தாரு, எந்திரிச்சிட்டாரு. நான் கப்பல் ஏறின அன்னைக்குக் கடை வாசல்ல உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருந்தாரு. கை இன்னும் நடுங்குது, அதான் எழுத முடியல. புருவத்துல ஒரு வெட்டு உண்டும்லா?”

“உண்டு!” என்றோம் நாங்கள் இருவரும்.

“கறுத்த ஆளு. பல்லு கோணல். மொதல்லயே இதச் சொல்லப்பிடாதா? பொன்னுங்கிய, முத்துங்கிய!”

அவன் அக்காள் அத்தையைத் தூக்கி நிறுத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்தாள். யாரோ கருப்பட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அத்தை அதைக் குடிக்கவில்லை. “தோவாளையில அது எந்த வீட்டுப் பிள்ள?” என்று கேட்டாள். வீடு தெரியாது, பெயர்தான் தெரியும் என்று அவன் அந்தப் பெயரைச் சொன்னான். எங்களுக்குத் தெரியாத பெயர். அதைக் கேட்டுத் துடிக்க வேண்டியவள் அந்தப் பூ விளையும் ஊரில் எங்கோ பூக்கட்டிக்கொண்டிருந்தாள், இன்னும் ஒன்றும் அறியாமல். அத்தை அவனுக்காக அழுதாள். “எம் பிள்ளைக்குச் சொன்ன பொன்னும் முத்தும் பூரா அவனுக்குல்லா போச்சு,” என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அடுத்த கும்பப்பூ அறுவடைக்கு, மாசியில், அவர் வந்தார், பாதி ஆளாக. வாசலில் குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் “வந்தியளா?” என்று மட்டும்தான் என்னால் கேட்க முடிந்தது. பிறகும் போனார், பிறகும் வந்தார். எங்கள் வாழ்க்கையின் பெரும்பகுதி கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் கழிந்தது. பரீட்சையில் தன்மை நவிற்சிதான் வந்தது. இரண்டு வரியில் நிறுத்த முடியவில்லை, தாள் தீரும்வரை எழுதினேன். ஆனால் மனம் இன்றும் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இவை எதிலும் அல்ல. சந்தையிலிருந்து திரும்பிய அந்த வழியில்.

வண்டி கிடைக்கவில்லை, நடந்தோம். வடசேரி தாண்டும்வரை அத்தை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான் இரண்டடி பின்னால் நடந்தேன். அவள் என்ன சொல்வாள் என்று பயமாக இருந்தது. எத்தனை பேர் நடுவில், அதுவும் அவளுடைய மாமனார் பெயரை. புத்தேரிக் குளக்கரையில் வெயில் சாய்ந்து தண்ணீர் முழுக்க வெளிச்சமாகக் கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. அத்தை நின்றாள்.

“ஏட்டி.”

“என்ன அத்தே?”

“சந்தையில ஒண்ணு சொன்னேல்லா.”

“வேற வழியில்லாமத்தான் அத்தே…”

“நான் அதக் கேக்கல.” அவள் என்னைப் பார்க்கவில்லை, குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அத இன்னும் ஒருமட்டம்கூடச் சொல்லு.”

“அவியளுக்கு ஆகாது அத்தே.”

“இன்னைக்கு ஒரு நாளு ஆகும். சொல்லு.”

சொன்னேன். மெல்லச் சொன்னேன்.

“இதென்ன, காதுல ரகசியமா சொல்லுக? பக்கத்து வீட்டுக்காரி கூப்பிடுவாள்லா. அப்பிடிக் கூப்பிடு.”

நான் குளத்துக்கு மேலாகத் தெற்கே திரும்பி, கடல் இருந்த திக்கில், வாயைக் குவித்து நீட்டிக் கூப்பிட்டேன். நீர்க்கோழிகள் எழுந்து பறந்தன. பெயர் தண்ணீரின்மேல் ஓடி, அக்கரைத் தென்னைகளில் பட்டுக் கொஞ்சம் திரும்பி வந்தது.

அத்தையின் கை, உலக்கை பிடித்ததைப் போல, அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் பார்த்தேன். அவள் உதடுகள் அசைந்தன. நான் கூப்பிட்ட அதே நீளத்துக்கு, அதே எழுத்துகளுக்கு, ஒன்றும் விடாமல் அசைந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.